மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசை ஓரத்தில் அடங்கிவிடுகிற சின்ன கம்ப்யூட்டர் ஒன்றை அசெம்பிள் செய்ய வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் எழுதிக்கொண்டிருந்ததை இங்கே மொத்தமாகச் சேர்த்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பாணியிலேயே விட்டிருக்கிறேன். மேலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள்; ஒரு முறை சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

மினி-ஐடிஎக்ஸ்னா என்ன? சின்னதா இருக்கற போர்டு எல்லாமே அதுதானா?

17 செ.மீ.க்கு 17 செ.மீ. சதுரமாக இருக்கும் போர்டுதான் மினி-ஐடிஎக்ஸ். தைவானைச் சேர்ந்த வியா நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த அளவு இது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் தன்னுடைய பிராசசர்களுக்காகத்தான் வியா இதை உருவாக்கியது. அந்த பிராசசர்களை இன்று யாரும் தேடுவதில்லை, அளவு மட்டும் நிலைத்துவிட்டது. நான்கு ஸ்க்ரூ துளைகளும் பெரிய ஏடிஎக்ஸ் போர்டின் துளைகளோடு ஒத்துப்போவதால், பெரிய கேபினெட்டிலும் இதைப் பூட்டலாம்.

மைக்ரோ ஏடிஎக்ஸ் என்பது வேறு, அது 24.4 செ.மீ. சதுரம் வரை போகும். மினி-டிடிஎக்ஸ் 17 செ.மீ.க்கு 20.3 செ.மீ. கவனமாக இருக்க வேண்டியது 'தின் மினி-ஐடிஎக்ஸ்' என்ற வகையிடம். நீள அகலம் அதே 17 தான், ஆனால் பின்பக்க போர்ட்டுகளின் உயரம் 2.5 செ.மீ.க்குள் அடங்கிவிடும். லேப்டாப் ரேம் போட வேண்டும், 19 வோல்ட் அடாப்டரில் ஓடும், பெரும்பாலானவற்றில் கிராபிக்ஸ் கார்டுக்கான முழு ஸ்லாட் இருக்காது. டிவிக்குப் பின்னால் மாட்டிவைக்க அருமையான போர்டு. கேமிங் கனவோடு வாங்கினால் அழ வேண்டியதுதான்.

மைக்ரோ ஏடிஎக்ஸ் இதைவிட ரொம்ப கம்மி விலைக்குக் கிடைக்குதே, எதுக்கு இதை வாங்கணும்?

நியாயமான கேள்வி. இடம் உண்மையிலேயே பிரச்சினையாக இல்லை என்றால் வாங்க வேண்டாம். அதே சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்), அதே பிராசசர், நான்கு ரேம் ஸ்லாட், கூடுதலாக இரண்டொரு கார்டு ஸ்லாட் எல்லாம் மைக்ரோ ஏடிஎக்ஸில் குறைந்த விலைக்கே வந்துவிடும். ஐடிஎக்ஸ் விலை ஏறுவதற்குக் காரணம் உண்டு. அதே மின்தடங்களை ஏறக்குறைய பாதி இடத்தில் ஓட்ட வேண்டுமானால் போர்டின் உள்ளே அதிக அடுக்குகள் வேண்டும். விற்கிற எண்ணிக்கையும் குறைவு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டாலும் பல கடைகளில் 'ஆர்டர் பண்ணித்தான் சார் எடுக்கணும்' என்பார்கள்.

வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க, சின்னது என்று பெயர் வாங்கிய இரண்டு கேபினெட்டுகளை ஒப்பிடுங்கள். மைக்ரோ ஏடிஎக்ஸ் போடக்கூடிய ஆசுஸ் ஏபி201 சுமார் 33 லிட்டர். ஐடிஎக்ஸுக்கான கூலர் மாஸ்டர் என்ஆர்200 சுமார் 18 லிட்டர். டான் ஏ4 போன்றவை 7 லிட்டர் அளவுக்கே இறங்கிவிடும். பையில் போட்டு ஊருக்கு எடுத்துப்போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். மேசைக்கு அடியில் வைத்து மறந்துவிடுகிறவர்களுக்கு 33 லிட்டரே போதும்.

சரி, முடிவு பண்ணிட்டேன். முதல்ல போர்டு வாங்கவா, கேபினெட் வாங்கவா?

முதலில் கேபினெட்டை முடிவு செய்யுங்கள். வாங்க வேண்டும் என்றில்லை, எது என்று தெரிந்தால் போதும். அதன் விவரப் பக்கத்தில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிராசசர் கூலருக்கு விட்டிருக்கும் உயரம், கிராபிக்ஸ் கார்டின் நீளமும் தடிமனும், எந்த வகை எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி). சில கேபினெட்டுகளில் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். ஃப்ராக்டல் டெர்ராவில் நடுத்தகட்டை நகர்த்தி கூலர் உயரத்தை 4.8 செ.மீ.யிலிருந்து 7.7 செ.மீ. வரை மாற்றலாம், அந்தப் பக்கம் கார்டுக்கான இடம் அதற்கேற்பக் குறையும்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து, இந்தக் கம்ப்யூட்டரில் என்னென்ன செருகப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். எத்தனை எஸ்எஸ்டி, எத்தனை யூஎஸ்பி, வயர் நெட்வொர்க் எந்த வேகத்தில், வைஃபை வேண்டுமா, பழைய ஹார்ட் டிஸ்க் உண்டா. பெரிய போர்டில் விட்டுப்போனதை ஒரு கார்டு போட்டு ஈடுகட்டலாம். இங்கே இருப்பது ஒரே ஸ்லாட், அதிலும் கிராபிக்ஸ் கார்டு உட்கார்ந்துவிடும். போர்டில் இல்லாதது கடைசிவரை இல்லாததுதான். சிப்செட் பெயரைப் பார்ப்பதற்கு முன் பின்பக்க போர்ட்டுகளின் படத்தைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். மலிவான போர்டுகளில் யூஎஸ்பி எண்ணிக்கையும் குறைவு, அதிலும் பாதி பழைய 2.0 ஆக இருக்கும்.

ஏஎம்டி போகலாமா, இன்டெல் போகலாமா?

சின்னப் பெட்டிக்கு என் கை ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) பக்கம்தான் போகும். 2022-இல் வந்த அந்த சாக்கெட்டில் ரைசன் 7000, 8000, 9000 மூன்று வரிசையும் ஓடுகின்றன. 2027-க்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. போர்டுக்கு இவ்வளவு காசு கொடுத்துவிட்டு, பிராசசரை மாற்றும்போது அதையும் சேர்த்துத் தூக்கிப்போடுவது யாருக்குக் கட்டுப்படியாகும்? இன்டெல்லின் 1700 பின் சாக்கெட்டில் 12, 13, 14-ஆம் தலைமுறைகளோடு மேலே போகும் வழி அடைபட்டுவிட்டது. கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு 1851 பின் சாக்கெட் தனி.

வீடியோ எடிட்டிங்கில் இன்டெல்லின் குவிக்சிங்க் (வீடியோவை வேகமாக மாற்றித் தரும் வசதி) தேவைப்படுகிறவர்கள், கையில் ஏற்கெனவே 12-ஆம் தலைமுறை பிராசசர் வைத்திருப்பவர்கள் இன்டெல் போர்டே வாங்கலாம். ஆனால் கையிருப்பில் இருப்பது டிடிஆர்4 ரேமா டிடிஆர்5 ரேமா என்று பாருங்கள். 1700 சாக்கெட்டில் இரண்டு வகை போர்டும் உண்டு, ஒன்றின் ரேம் இன்னொன்றில் நுழையாது.

ஏ620, பி650, பி650இ, எச்610, பி760... தலை சுத்துது. எதை எடுக்கறது?

இன்டெல்லில் எச்610 என்றால் ரேம் வேகத்தை அதிகாரபூர்வ அளவுக்கு மேல் கூட்ட முடியாது. பிராசசரிலிருந்து எஸ்எஸ்டிக்கு நேராக வரும் பிசிஐஇ 4.0 (கார்டு, எஸ்எஸ்டிக்கான அதிவேக இணைப்பு) பாதையும் அதில் கிடையாது. அலுவலக வேலைக்குப் போதும். பி660, பி760 இரண்டிலும் ரேமை வேகப்படுத்தலாம், பிராசசரை முடியாது. இசட் வரிசையில் இரண்டும் முடியும். சின்னப் பெட்டியில் பிராசசரை ஓவர்கிளாக் செய்வது, அதாவது விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது மாதிரி.

ஏஎம்டியில் ஏ620-இல் பிராசசர் ஓவர்கிளாக் இல்லை, ரேம் வேகம் கூட்டலாம். பி650-க்கும் பி650இ-க்கும் முக்கிய வித்தியாசம், பின்னதில் கிராபிக்ஸ் ஸ்லாட் பிசிஐஇ 5.0 ஆக இருக்கும். இப்போதைய கார்டுகளுக்கு 4.0 ஸ்லாட்டே தாராளம். அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பதைவிட, அதே காசில் கூடுதலாக ஒரு எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் இடம்) உள்ள பி650 போர்டு கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

இத்தனூண்டு போர்டு பெரிய பிராசசரைத் தாங்குமா? வெடிச்சிடாதே?

வெடிக்காது. சூடு தாங்காமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிராசசருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பகுதி விஆர்எம். சாக்கெட்டை ஒட்டி, கனமான ஹீட்சிங்க்குக்குக் கீழே இருக்கும். நல்ல ஐடிஎக்ஸ் போர்டுகளின் விஆர்எம் பல மலிவு ஏடிஎக்ஸ் போர்டுகளைவிடத் தரமானது. மலிவான ஐடிஎக்ஸில் அந்த ஹீட்சிங்க் பெயருக்கு ஒரு தகடாக இருக்கும்.

ஏஎம்டியில் 65 வாட் என்று எழுதியிருக்கும் பிராசசர் உச்சத்தில் 88 வாட் வரை எடுக்கும், 105 வாட் என்றால் 142, 170 வாட் என்றால் 230. முதல் வகையை எந்த போர்டும் தாங்கும். ரைசன் 9 7950எக்ஸ் மாதிரி 170 வாட் பிராசசரை ஐடிஎக்ஸில் போட்டே தீருவேன் என்பவர்கள் போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஈகோ மோடை 65 அல்லது 105-இல் வையுங்கள். சூடு இறங்கும் அளவுக்கு வேகம் இறங்காது. கோர் ஐ9 13900கே 253 வாட் வரை இழுக்கும். 10 லிட்டர் பெட்டிக்கு அது வேண்டாத விருந்தாளி.

வாட்டர் கூலர் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். மேலிருந்து கீழே ஊதும் சின்ன கூலரின் காற்று விஆர்எம் மீதும் படும். வாட்டர் கூலரில் சாக்கெட்டைச் சுற்றிக் காற்றோட்டமே இருக்காது. அதனால்தான் சில போர்டுகளில் விஆர்எம் மேலேயே ஒரு குட்டி ஃபேன் வைக்கிறார்கள். அதன் கீச்சுச் சத்தம் எல்லோருக்கும் ஒத்துவராது.

கூலர் பொருந்துமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கறது?

உயரம் கேபினெட் விவரத்திலேயே இருக்கிறது. நோக்டுவா என்எச்-எல்9ஏ, எல்9ஐ இரண்டும் 3.7 செ.மீ. உயரம், தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90 எக்ஸ்47 4.7 செ.மீ. சிக்கல் உயரத்தில் இல்லை, பக்கவாட்டில்தான். ஐடிஎக்ஸில் சாக்கெட்டுக்கு ஒரு பக்கம் ரேம், மறுபக்கம் விஆர்எம் ஹீட்சிங்க், கீழே எம்.2 எஸ்எஸ்டியின் ஹீட்சிங்க் என்று சுற்றிலும் நெருக்கம். எல்9 வரிசை மாதிரி சாக்கெட் எல்லைக்குள்ளேயே நிற்கும் கூலர் என்றால் கவலை இல்லை. அதைவிட அகலமாகப் போனால் கூலர் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் போர்டு பெயரைப் போட்டுத் தேடுங்கள். ரேமிலும் கொம்பு முளைத்த மாதிரி உயர ஹீட்சிங்க் உள்ளதைத் தவிர்த்து, தட்டையானதை வாங்குங்கள்.

ஏஎம்5-இல் இன்னொன்று. சாக்கெட்டுக்குப் பின்னால் உள்ள இரும்புத் தகட்டைக் கழற்ற முடியாது. தனக்கென்று தனித் தகடு கேட்கும் பழைய ஏஎம்4 கூலர்கள் பொருந்தாது. இன்டெல்லில் 1200-இலிருந்து 1700-க்கு வந்தபோது துளைகளின் இடைவெளி 7.5 செ.மீ.யிலிருந்து 7.8 ஆனது, பழைய கூலருக்குப் புதுக் கிட் வேண்டும்.

கூலர் விமர்சனங்களில் வரும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் எடுத்தவை. மே மாதம் ஏசி இல்லாத அறையில் 36 டிகிரி என்றால், அந்த 14 டிகிரியை அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள்.

ரேம் ரெண்டே ஸ்லாட்தானே, பின்னாடி பத்தாம போனா?

முதலிலேயே இரண்டாகப் போடுங்கள், 16 ஜிபி இரண்டு. ஒன்று மட்டும் போட்டு 'அப்புறம் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்' என்றால் அதுவரை ரேமைப் பாதி வேகத்தில்தான் ஓட்டுவீர்கள். ஒரே ஸ்டிக் 48 ஜிபி, 64 ஜிபி என்றெல்லாம் வந்துவிட்டதால், பயாஸ் ஆதரவு இருந்தால் இரண்டு ஸ்லாட்டிலேயே 96, 128 ஜிபி வரை போகலாம்.

இரண்டு ஸ்லாட் குறைபாடு என்பதே டிடிஆர்5 காலத்தில் பாதிதான் உண்மை. ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்கில் 5200, நான்கு போட்டால் 3600. நான்கு ஸ்லாட் போர்டு வைத்திருப்பவர்களும் இரண்டில்தான் ரேம் போடுகிறார்கள்.

எஸ்எஸ்டி எத்தனை போடலாம்? பின்பக்கம் ஒண்ணு இருக்குன்னு சொல்றாங்க?

வழக்கமாக இரண்டு எம்.2, சில போர்டுகளில் மூன்று. முன்பக்கம் ஒன்று, கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கு மேலே ஹீட்சிங்க்கோடு இருக்கும். இரண்டாவது பல போர்டுகளில் அடிப்பக்கத்தில். அதை மாற்ற வேண்டுமானால் கூலர், வயர், கார்டு எல்லாவற்றையும் பிரித்து போர்டையே வெளியே எடுக்க வேண்டும். கேபினெட்டின் போர்டு தட்டில் பெரிய ஜன்னல் வெட்டியிருந்தால் தப்பித்தீர்கள்.

அங்கே காற்றும் போகாது. போர்டுக்குப் பின்னாலேயே கிராபிக்ஸ் கார்டு நிற்கும் 'சாண்ட்விச்' வகைக் கேபினெட்டில் இரண்டு பக்கமும் சூடு. அதனால் வேகமான எஸ்எஸ்டியை முன்பக்கத்திலும், படங்கள், பேக்கப் வைக்கும் சாதாரண ஜென்3 (பிசிஐஇ 3.0) வகையைப் பின்பக்கத்திலும் போடுங்கள். இரண்டு பக்கமும் சிப் உள்ள தடித்த எஸ்எஸ்டியும், அதற்கென்று வாங்கிய ஹீட்சிங்க்கும் பின்பக்கம் இடிக்கும். கேபினெட்டைப் பொறுத்து போர்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான்.

வைஃபை உள்ள போர்டுதான் வாங்கணுமா? நான் வயர்லதான் போடப்போறேன்.

ஐடிஎக்ஸில் வைஃபை இல்லாத போர்டு தேடுவதே கஷ்டம். இருந்தால் ப்ளூடூத்தும் கூடவே வரும். வைஃபை கார்டு பின்பக்க போர்ட்டுகளுக்கு அருகே செங்குத்தாக ஒரு எம்.2 ஸ்லாட்டில் நிற்கும். வேகம் போதவில்லை என்றால் மாற்றலாம். மாற்றும்போது இன்டெல் ஏஎக்ஸ்210 எந்த போர்டிலும் ஓடும். ஏஎக்ஸ்211 இன்டெல் போர்டில் மட்டும்தான். பெயரில் ஒரு எண் வித்தியாசம், ஏஎம்டி போர்டில் போட்டால் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

வயர் போடுகிறவர்களும் ஆன்டெனாவை மாட்டிவிடுங்கள். ப்ளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான். 'மவுஸ் திக்கித் திக்கி ஓடுது' என்று வந்தவர்களில் பலருடைய ஆன்டெனா இன்னும் அட்டைப்பெட்டியிலேயே இருந்தது.

முன்பக்க டைப்-சி வயரை செருக இடமே இல்லையே?

வாங்கும் முன்னால் பார்த்திருக்க வேண்டியது. போர்டில் அதற்கென்று தனி முனை வேண்டும், மலிவு போர்டுகளில் அதை விட்டுவிடுவார்கள். பழைய 19 பின் யூஎஸ்பி 3 முனையிலிருந்து மாற்றித் தரும் அடாப்டர் கிடைக்கும், வேகம் 5 ஜிபிட்டோடு நின்றுவிடும். ஃபேன் முனைகளும் அப்படியே, பெரும்பாலும் மூன்றுதான். இரண்டு ஃபேனை ஒரு முனையில் பிரித்துப் போட ஒரு ஒய் கேபிள் வாங்கிவையுங்கள்.

கிராபிக்ஸ் கார்டே வேண்டாம், 8600ஜி போட்டா போதுமா?

8600ஜி என்பது உள்கிராபிக்ஸ் வலுவாக உள்ள ஏஎம்டி ரைசன் பிராசசர். கார்டு இல்லாமல் சாதாரண விளையாட்டு, சினிமா, வேலை எல்லாவற்றுக்கும் நல்ல தேர்வு. பெட்டியும் 3, 4 லிட்டருக்குள் முடிந்துவிடும். பின்பக்கம் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் இரண்டும் உள்ள போர்டாகப் பாருங்கள். ரேம் வேகம்தான் இங்கே கிராபிக்ஸ் வேகம், 6000 போடுங்கள்.

பின்னால் கார்டு போடும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 8600ஜி, 8700ஜி இரண்டும் ஸ்லாட்டுக்கு 8 பிசிஐஇ பாதைகளே தரும், 8500ஜி வெறும் 4. போர்டில் எக்ஸ்16 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் அதை மாற்ற முடியாது, பிராசசரில் இருப்பதே அவ்வளவுதான். கார்டு நிச்சயம் வரும் என்றால் 7600 மாதிரி சாதாரண ரைசன் நல்லது. அதிலும் படம் காட்டும் அளவுக்கு உள்கிராபிக்ஸ் உண்டு. 7500எஃப் மாதிரி 'எஃப்' போட்டதில் அதுவும் இல்லை.

ஒரே ஸ்லாட்டைப் பிரிச்சு ரெண்டு கார்டு போடலாம்னு படிச்சேன், உண்மையா?

உண்மை. பயாஸில் பைஃபர்கேஷன் என்று ஒரு அமைப்பு இருந்தால் 16 பாதைகளை 8+8 அல்லது நான்கு 4-களாகப் பிரிக்கலாம். அதற்குரிய பிரிப்பு அட்டையும் வேண்டும். எந்த போர்டு எப்படிப் பிரிக்க விடும் என்பது மேனுவலில் இருக்கும். வாங்கும் முன் அந்த பிடிஎஃப்பை இறக்கிப் படியுங்கள். மேலே சொன்ன 'ஜி' வகைப் பிராசசர்களில் இந்த வித்தை அரைகுறையாகத்தான் நடக்கும், பிரிக்கவே 8 பாதைதான் இருக்கிறது.

எல்லாம் மாட்டிட்டேன், ஃபேன் சுத்துது, ஆனா படம் வரலை. போர்டு போயிடுச்சா?

பொறுங்கள். ஏஎம்5 போர்டு முதல் முறை ஆன் ஆகும்போது டிடிஆர்5 ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள் எடுக்கும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பாதியில் ஆஃப் செய்து ஆன் செய்தால் அது முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அதற்குப் பிறகும் வரவில்லை, கார்டு ரைசர் கேபிளில் (கார்டையும் ஸ்லாட்டையும் இணைக்கும் நீட்டிப்பு) இருக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். போர்டும் கார்டும் தங்களுக்குள் பேசி இருவருக்கும் முடிந்த உச்ச வேகத்துக்குப் போய்விடும். நடுவில் இருக்கும் கேபிள் ஜென்3 தரத்தில் செய்தது என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. கார்டைக் கழற்றி, போர்டின் எச்டிஎம்ஐயில் திரையை மாட்டி, பயாஸில் ஸ்லாட் வேகத்தை 'ஆட்டோ'விலிருந்து ஜென்3-க்கு மாற்றுங்கள். எஃப் வகை பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கும். கார்டை நேரடியாக ஸ்லாட்டில் செருகிப் பார்க்க வேண்டும். 16 பாதை கார்டுகளுக்கு ஜென்3-ஆல் பெரிய இழப்பில்லை. ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி 8 பாதை கார்டுகளில் கொஞ்சம் தெரியும், அதற்கு ஜென்4 கேபிளே வாங்கிவிடுங்கள்.

வீட்டு சர்வருக்கு என்100 போர்டு போதும்கறாங்களே?

இன்டெல் என்100 பிராசசரோடு சேர்த்தே பற்றவைத்து வரும் போர்டு அது. நான்கு கோர், 6 வாட், ஃபேன் இல்லாமலேயே ஓடும் மாடல்களும் உண்டு. அஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரிலேயே ஓடிவிடும். படங்கள் சேமிக்க, விளம்பரம் தடுக்க, வீட்டுக் கேமராக்களைப் பதிவு செய்ய ஜோராகப் போதும். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் சின்ன யூபிஎஸ்ஸிலேயே வெகுநேரம் தாக்குப்பிடிக்கும்.

ரேம் ஒரே சேனல், மொத்தம் 9 பிசிஐஇ 3.0 பாதைகள், ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா போர்ட் பெரும்பாலும் ஒன்றிரண்டு. நான்கைந்து ஹார்ட் டிஸ்க் போடுவதாக இருந்தால் எம்.2 ஸ்லாட்டில் செருகும் ஏஎஸ்எம்1166 சிப் உள்ள சாட்டா அட்டை ஆறு போர்ட் தரும். அப்போது எஸ்எஸ்டிக்கு அந்த ஸ்லாட் இருக்காது. தாளில் எழுதச் சொன்னது இதற்குத்தான்.

புது பிராசசர் வாங்கிட்டேன், போர்டுல பழைய பயாஸாம். இப்ப என்ன பண்றது?

பின்பக்கம் 'ஃப்ளாஷ்பேக்' பட்டன் இருந்தால் பிராசசர் இல்லாமலேயே பயாஸ் ஏற்றலாம். பென்டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்து, மேனுவல் சொல்லும் பெயரை ஃபைலுக்கு வைத்து, குறித்த யூஎஸ்பி போர்ட்டில் செருகி, பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். விளக்கு மினுக்கி நிற்கும்வரை கை வைக்கக் கூடாது. பட்டன் இல்லாத போர்டு என்றால் விற்ற கடையிலேயே பயாஸ் ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

பழைய போர்டு பாதி விலைக்கு வருது, வாங்கலாமா?

சாக்கெட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஏஎம்5, இன்டெல் இரண்டிலும் பின்கள் போர்டில் இருக்கின்றன. மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வரிசையாக மின்னும் பின்களில் ஒன்று மட்டும் வேறு பக்கம் மின்னினால் அது வளைந்திருக்கிறது. சாக்கெட் மூடி இல்லாமல் அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசரோடு சேர்த்து விற்றால், சில மாடல்களில் அதிக வோல்டேஜால் சிப் பழுதாகும் பிரச்சினை இருந்ததை மறக்காதீர்கள். 2024 செப்டம்பருக்குப் பிந்தைய பயாஸ் ஏற்றினால் இனிமேல் பழுதாவது தடுக்கப்படும், ஏற்கெனவே பழுதானது சரியாகாது.

வைஃபை ஆன்டெனா, எம்.2 ஸ்க்ரூ, ஹீட்சிங்க் எல்லாம் கூட வருகிறதா என்று கேளுங்கள். ஆசுஸ் எக்ஸ்670இ-ஐ மாதிரி ஆடியோவை வெளியே ஒரு தனிப் பெட்டியில் வைத்த போர்டுகளும் உண்டு. அந்தப் பெட்டி தொலைந்திருந்தால் ஹெட்போன் மாட்ட வழி தேட வேண்டும். நேரம் நிற்காமல் போனால் பேட்டரியை மாற்றலாம். ஆனால் பல ஐடிஎக்ஸ் போர்டுகளில் அது வட்டக் குழியில் இருக்காது, கறுப்பு உறை போட்டு இரண்டு வயரோடு பின்பக்க போர்ட்டின் தகட்டில் ஒட்டியிருக்கும். மாற்றும்போது வயரோடு உள்ள சிஆர்2032 என்று கேட்டு வாங்குங்கள்.